முதல் கட்டத்து எடை

எண்ணாமல் இருந்தால் அக்காவுக்குத் தலை வெடித்துவிடும். மாடிப்படி ஏறினால் படியை எண்ணுவாள். பாத்திரம் கழுவினால் கரண்டியை எண்ணுவாள். சினிமாவுக்குப் போனால் படம் தொடங்கும் முன்பே எத்தனை நாற்காலி காலி என்று எண்ணி வீட்டுக்காரர் காதில் சொல்லுவாள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். "ஒருநாள் என் தலைமுடியையும் எண்ணிச் சொல்லேன், இன்னும் எத்தனை மாசம் தாங்கும்னு பார்க்கலாம்" என்பார். "அதுக்கென்ன, ஒரு நிமிஷ வேலைதானே" என்பாள் அக்கா. அந்த வீட்டில் கொஞ்சல் என்பது இந்த அளவில்தான் நடக்கும்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு எண்ணிக்கையக்கா என்று பெயர். தரைத்தளத்தில், துணி வெளுக்கும் அறையைத் தாண்டி, கடைசிக் கதவு அவளுடைய ஆய்வுக்கூடம். கதவுக்குப் பக்கத்தில் ரத்த மாதிரி வாங்க ஒரு சின்ன ஜன்னல். பத்தொன்பது வருடமாக அங்கே உட்கார்ந்து மஜ்ஜைக்குள் இருக்கும் செல்களை எண்ணுவதுதான் அவள் பிழைப்பு. வேடிக்கையாக இருக்கும், ஆனால் விளையாட்டு வேலை இல்லை. ரத்தப் புற்றுநோய் வந்தவருக்குக் கடுமையான மருந்து கொடுத்து, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை மொத்தமாகத் துடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த உடம்பால் ஒரு சொட்டு ரத்தம்கூடச் சொந்தமாக ஊற வைக்க முடியாது. கூடப்பிறந்தவரோ, வேறு யாரோ கொடுத்த மஜ்ஜையை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அது போய் எலும்புக்குள் குடியேறினால் ஆள் பிழைப்பார். குடியேறாவிட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

மஜ்ஜைப் பையைப் பார்த்தால் வெறும் ரத்தம் மாதிரிதான் இருக்கும். உள்ளே ஓர் ஊரே இருக்கிறது. அந்த ஊரில் மூலச் செல்கள் என்று கொஞ்சம் பேர், நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை. புது ரத்தத்தை ஊற வைப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் குறைந்தால் ரத்தம் ஊற நாளாகும். நாளானால் ஒரு சாதாரணக் காய்ச்சல்கூட ஆளை முடித்துவிடும். டி செல்கள் என்று இன்னொரு கூட்டம் உண்டு. அவர்கள் முரடர்கள். அளவாக இருந்தால் மூலச் செல்கள் குடியேற இடம் பிடித்துக் கொடுப்பார்கள். அளவுக்கு மீறினால் வந்த வீட்டையே எதிரி என்று நினைத்து நோயாளியின் தோலையும் குடலையும் போட்டுத் தாக்குவார்கள். ஆக, எவ்வளவு மஜ்ஜை, அதில் யார் யார் எத்தனை பேர் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அக்கா. அவள் சொன்ன எண்ணுக்கு இதுவரை எந்த டாக்டரும் மறுபேச்சுப் பேசியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த மாதம் வந்த நோயாளிக்குப் பட்டப்பெயர் பீரோ. வீடு மாற்றுகிற லாரியில் சாமான் தூக்குகிறவர். நாலு பேர் தூக்கும் பீரோவை ஒற்றை ஆளாய் முதுகில் ஏற்றி மூன்று மாடி இறக்குவாராம். நோய் வந்த பிறகும் தொண்ணூற்றிரண்டு கிலோ. மஜ்ஜை கொடுக்க வந்தது அவருடைய தங்கை, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற பெண். நாற்பத்தாறு கிலோ. அண்ணனுக்குச் சரியாகப் பாதி. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க ஜன்னல் பக்கம் வந்தபோது அவளாகவே பேச்சுக் கொடுத்தாள்.

"அண்ணன் என்னை வீட்ல கொசுன்னுதான் கூப்பிடும். கொசு ரத்தம் குடிக்கும்னுதானே கேள்விப்பட்டிருப்பீங்க? இந்தக் கொசு குடுக்கப் போவுது."

"குடுத்துட்டு மயக்கம் போட்டு விழாம இருந்தா சரி. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். அக்கா, நிஜமாச் சொல்லுங்க. என் உடம்புல இருக்கறது அதுக்குப் போதுமா? அது எவ்வளவு பெரிசு, நான் எவ்வளவு சிறிசு."

"அதைப் பார்க்கத்தானே நான் இருக்கேன்" என்றாள் அக்கா.

மஜ்ஜை எடுத்த அன்று காலை பத்தே காலுக்கு, ஆபரேஷன் அறையிலிருந்து ஒரு சின்னக் குழாயில் மாதிரி வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் இப்படித்தான் வழக்கம். கொடையாளியை மயக்கத்தில் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பில் ஊசி இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருப்பார்கள். நடுவில் ஒரு மாதிரி கீழே வரும். எண்ணிச் சொன்னால்தான் மேலே எடுப்பதா, நிறுத்துவதா என்று முடிவு. நோயாளியின் எடையில் ஒரு கிலோவுக்கு முப்பது கோடி செல் இருந்தால் நிம்மதி. இருபது கோடிக்குக் கீழே போகக் கூடாது.

அக்கா எண்ணினாள். ஒரு மில்லியில் இரண்டு கோடி. அதுவரை எடுத்தது எழுநூற்று முப்பத்தாறு மில்லி. மொத்தம் ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு கோடி. படிவத்தைப் பார்த்து எடையால் வகுத்தாள். முப்பத்திரண்டு கோடி. முகம் மலர்ந்துவிட்டது.

தொலைபேசி அடித்தது. மேலேயிருந்து நர்ஸ். "அக்கா, போதுமா? இன்னும் எடுக்கட்டுமான்னு டாக்டர் கேக்கறாரு. அந்தப் பொண்ணு எடைக்கு இன்னும் நூத்தி எண்பத்தி நாலு மில்லி வரைக்கும் எடுக்கலாம்."

"வேணாம் வேணாம். தாராளமாப் போதும். பாவம், நோஞ்சான் பொண்ணு, எதுக்குக் கூடக் குத்தணும்? நிறுத்திடச் சொல்லுங்க."

நிறுத்திவிட்டார்கள். மத்தியானம் பையை மேலே கொண்டுபோய் பீரோவுக்கு ஏற்றியும் விட்டார்கள்.

மறுநாள் காலை அக்கா மூலச் செல் கணக்கை எடுத்தாள். அதற்குத் தனி இயந்திரம். முந்தின நாளே மாதிரிக்குச் சாயம் போட்டு வைத்திருந்தாள். நல்ல மஜ்ஜை, ரத்தம் அதிகம் கலக்காமல் சுத்தமாக இழுத்திருந்தார்கள். எண்பது செல்லுக்கு ஒரு மூலச் செல். மனக்கணக்கில் கிலோவுக்கு நாற்பது லட்சம் என்று அவளுக்கு வந்துவிட்டது. இயந்திரம் இருபது லட்சம் என்றது.

"உனக்கு என்ன கேடு?" என்று இயந்திரத்தைத் திட்டினாள். மறுபடி ஓட்டினாள். இருபது லட்சம். அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, போட்டாள். இருபது லட்சம். பழுதுபார்ப்பவருக்குப் போன் போடலாம் என்று நம்பரைத் தேடும்போதுதான், திரையின் மூலையில் அந்த இயந்திரம் எடுத்துக்கொண்டிருந்த எடை கண்ணில் பட்டது. 92. வார்டிலிருந்து கணினி வழியாக நேராக வந்த எடை. நோயாளியின் எடை.

அக்கா தன் படிவத்தை இழுத்துப் பார்த்தாள். முதல் கட்டம், கொடுப்பவர் எடை: 46. இரண்டாம் கட்டம், பெறுபவர் எடை: 92. அவள் வகுத்தது முதல் கட்டத்தால்.

ஐயோ!

இதை எப்படிச் செய்தாள் என்று கேட்பீர்கள். அந்த ஆய்வுக்கூடத்துக்கு வரும் பத்துப் பைகளில் ஒன்பது, நோயாளி தனக்குத் தானே கொடுப்பது. அவருடைய செல்லையே முன்னதாக எடுத்து உறையவைத்து, மருந்து கொடுத்த பிறகு திருப்பி ஏற்றுவார்கள். கொடுப்பவரும் அவரே, பெறுபவரும் அவரே. இரண்டு கட்டத்திலும் ஒரே எண். பத்தொன்பது வருடத்தில் கை தானாக முதல் கட்டத்துக்குப் போய்ப் பழகிவிட்டது. வேறு எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு தப்பு நடக்க வழியே இல்லை. இந்த நாற்காலியில் இத்தனை வருடம் உட்கார்ந்தவளால்தான் செய்ய முடியும்.

கிலோவுக்கு முப்பத்திரண்டு கோடி இல்லை, பதினாறு கோடி. இருக்க வேண்டிய கடைசி அளவுக்கும் கீழே. மேலே நர்ஸ் கேட்டாளே, அந்த நூற்று எண்பத்து நான்கு மில்லி, ஒரு டம்ளர், அதை எடுத்திருந்தால் இருபது கோடியாவது தொட்டிருக்கும். எடுக்க வேண்டாம் என்று சொன்னது இந்த வாய்.

அக்கா கையுறைப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். மனதை நிலைப்படுத்த எதிரே தரையில் இருந்த சதுரக் கற்களை எண்ணப் பார்த்தாள். பதினொன்றுக்கு மேல் போகவில்லை. திரும்ப ஆரம்பித்தால் ஒன்பதிலேயே நின்றது. அறையில் வேறு யாரும் இல்லை. இருபது லட்சம் மூலச் செல் என்பது எல்லையில் நிற்கிற எண். அதை மட்டும் எழுதி அனுப்பினால் யாரும் நேற்றைய கணக்கைத் தோண்ட மாட்டார்கள். அந்த நினைப்பு அவளுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்த நினைப்பு உடம்பெல்லாம் கூசவைத்தது. எழுந்து, படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பெரிய டாக்டர் அறைக்குப் போனாள். எத்தனை படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

பெரிய டாக்டர் அந்தப் பிரிவுக்குத் தலைவி. கூந்தலைக் கட்டையாக வெட்டிய, அதிகம் பேசாத அம்மாள். படிவத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பையை ஏத்தியாச்சு" என்றார்.

"ஆமா டாக்டர்."

"அவருக்குச் சொந்த மஜ்ஜை இப்ப இல்ல."

"தெரியும் டாக்டர்."

"தங்கச்சிக்கு ஊசி போட்டு, கை நரம்பு வழியா இன்னும் கொஞ்சம் செல் எடுத்து நாலஞ்சு நாள்ல ஏத்தலாம். ஆனா அப்படி எடுத்தா டி செல் பத்து மடங்கு கூட வரும். இவரு இருக்கற நிலைமைக்கு அதுங்க இவரையே தின்னுடும். காத்திருக்கணும். இருபத்தெட்டு நாள் பார்ப்போம். வெள்ளையணு வரலைன்னா வேற வழியில்ல, தங்கச்சியை மறுபடி கூப்பிடணும்." கொஞ்சம் நிறுத்தி, "இது முதல் தடவையா?" என்று கேட்டார்.

"சத்தியமா முதல் தடவை டாக்டர்!"

"எப்படித் தெரியும்?"

அக்கா படிவத்தின் முதல் கட்டத்தை மறுபடி பார்த்தாள்.

"கூடப்பிறந்தவங்க குடுத்த கேஸ் அத்தனையும் எடுங்க. முதல் நாள்ல இருந்து. ஒவ்வொண்ணையும் ரெண்டாவது கட்டத்தால வகுத்துப் பாருங்க. அதுக்கு முன்னால வாங்க, அந்த வீட்டுக்காரங்ககிட்ட சொல்லணும்."

"நானும் வரணுமா?"

"நீங்கதான் சொல்லணும்."

பீரோவைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். தலைமுடி கொட்டி, இவ்வளவு பெரிய ஆள் கட்டிலில் குறுகிப் படுத்திருந்தார். வெளியே பெஞ்சில் கொசு, இடுப்பு வலிக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது. அக்கா எதையும் பூசி மெழுகவில்லை. எடையை மாற்றி வகுத்தேன், பாவம் பார்த்து நிறுத்தச் சொன்னேன், பாதிதான் போயிருக்கிறது, தப்பு என்னுடையது என்று சொன்னாள்.

கொசுவுக்குப் புரிய நேரமாயிற்று.

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் நான் படுத்திருந்தா போதுமானதா இருந்திருக்குமா?"

"ஆமாம்மா."

"நான் மயக்கத்துலதானே இருந்தேன்? எனக்கு என்ன தெரியப் போவுது? எடுத்திருக்கலாமே! நீங்க பாட்டுக்கு எடுத்திருக்கலாமே! யாரு உங்களைப் பாவம் பார்க்கச் சொன்னது?"

நடைபாதையில் போன எல்லோரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தலையைக் குனியவில்லை, குனிந்தால் அழுதுவிடுவாள். உள்ளே பீரோவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தங்கை கத்துவதைப் பார்த்து, என்ன என்று கையால் ஜாடை கேட்டார். கொசு உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று கையாட்டினாள். பெரிய டாக்டர் கையைக் கழுவி, முகமூடி போட்டுக்கொண்டு, அவரிடம் சொல்ல உள்ளே போனார். பீரோ அதைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "தங்கச்சிக்கு மறுபடி வலிக்குமா?"

அன்று சாயந்தரம் வீட்டில் அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வேன்காரர் வழக்கம்போல ஏதோ கிண்டல் பண்ண வந்து, முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "நாலு வருஷத்துக்கு முன்னால ஒரு பிள்ளை வேன்ல பின் சீட்ல தூங்கிருச்சு. நான் எண்ணாம பூட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். பத்து நிமிஷம். வெயில் நேரம். திரும்பி வந்தப்ப கண்ணாடியைத் தட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"யார்கிட்டயும் சொல்லல. நீ சொல்லிட்ட."

இருபது வருடம் கூட வாழ்ந்த மனுஷன்.

அடுத்த நாள் முதல் வேலை முடிந்ததும் பழைய பதிவேடுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடத்தில் கூடப்பிறந்தவர்கள் கொடுத்தது நூற்று நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றாக வகுத்தாள். ஒரு தடவை எழுதி வகுப்பாள், ஒரு தடவை கால்குலேட்டரில், பிறகு பக்கத்து ஆய்வுக்கூடத்து அம்மாளைக் கூப்பிட்டு மூன்றாவது தடவை. தன் கணக்கின் மேல் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. கடையில் மீதிச் சில்லறையைக்கூட எண்ணாமல் பைக்குள் போட ஆரம்பித்தாள். முதல் பத்து சரி. இருபது சரி. ஐம்பது சரி. ஒவ்வொன்று சரியாக வரும்போதும் மூச்சு விடுவாள், அடுத்ததைத் திறப்பாள்.

ஒருபுறம் பதிவேடு, மறுபுறம் பீரோவின் வெள்ளையணு. தினமும் காலை எட்டரைக்கு எண் வரும். ஐந்நூறைத் தாண்டி மூன்று நாள் நின்றால் மஜ்ஜை குடியேறிவிட்டது என்று பொருள். மஜ்ஜை ஏற்றிய பத்தாம் நாள் பூஜ்யம். பதினான்காம் நாள் பூஜ்யம். மற்றவர்களுக்கு எட்டிப் பார்க்கத் தொடங்கும் பதினேழாம் நாளும் பூஜ்யம். பத்தொன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது, நூற்று மூன்று டிகிரி. வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. கொசு பெஞ்சிலேயே இருந்தாள். அக்கா அந்த வழியாகப் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். அக்காவும் தினமும் அந்த வழியாகத்தான் போனாள். வேறு வழி இருந்தது, போகவில்லை.

இருபத்திரண்டாம் நாள் நூறு வந்தது. இயந்திரக் கோளாறாக இருக்கும் என்று யாரும் சந்தோஷப்படவில்லை. அடுத்த நாள் இருநூற்று நாற்பது.

இருபத்து நான்காம் நாள், முந்நூற்று எண்பது என்ற செய்தி வந்த அரை மணி நேரத்தில், அக்கா தொண்ணூற்றேழாவது பதிவைத் திறந்தாள். ஏழு வருடத்துக்கு முந்தியது, மூலச் செல் இயந்திரத்துக்கும் எடையை அவளே போட்ட காலம். தம்பி அண்ணனுக்குக் கொடுத்தது. கொடுப்பவர் நாற்பத்தெட்டு கிலோ, பெறுபவர் எண்பது கிலோ. மொத்தம் ஆயிரத்து நானூற்று நாற்பது கோடி. அவள் கையெழுத்தில், கொட்டை எழுத்தில்: கிலோவுக்கு முப்பது கோடி. போதும்.

இரண்டாவது கட்டத்தால் வகுத்தாள். பதினெட்டு.

பக்கத்து அறை அம்மாளைக் கூப்பிட்டாள். அவளும் வகுத்தாள். அக்காவின் தோளில் கை வைத்தாள். பதிவின் கடைசி வரியில், வேறு யாரோ சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: முப்பத்தோராம் நாள் இறப்பு.

அக்கா மிச்சம் நாற்பத்தாறையும் அன்றே பார்த்து முடித்தாள். எல்லாம் சரி. அந்த ஒன்றுதான். ஒன்று என்பது எவ்வளவு பெரிய எண் என்று அவளுக்கு இத்தனை வருடம் தெரியாது.

மறுநாள் காலை ஜன்னலைப் படபடவென்று யாரோ தட்டினார்கள். கொசு. இடுப்பு வலி எங்கே போயிற்றோ, ஓடி வந்திருந்தாள். "ஐந்நூத்தி அறுபது!" என்றாள். மூச்சு வாங்கியது. "அண்ணன் தண்ணி குடிச்சிருச்சு. இங்க பாருங்க, உங்க மேல எனக்குக் கோபம் போகல, போகாது. ஆனா இதை உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல."

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கொசு அது சந்தோஷ அழுகை என்று நினைத்துக்கொண்டாள். பாதி அதுதான். மிச்சப் பாதி மேசையில் திறந்து கிடந்தது.

பதிவேட்டோடு பெரிய டாக்டர் அறைக்குப் போனாள். அவர் பழைய கோப்பை வரவழைத்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்து, அக்கா பக்கம் திருப்பி வைத்தார். அதில் இருந்தது இதுதான்: செல்கள் போதுமான அளவு ஏற்றப்பட்டும் பிடிக்கவில்லை. கொடையாளியின் மஜ்ஜைத் தரம் காரணமாக இருக்கலாம்.

"எழுதினது யாரு டாக்டர்?"

"நான்தான். உங்க எண் முப்பதுன்னு இருந்துச்சு. அளவு சரின்னா வேற என்ன காரணம்னு யோசிச்சேன். மூலச் செல் கணக்கை எடுத்துப் பார்த்திருக்கணும். பார்க்கல." கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பதினெட்டா இருந்ததாலதான் போனாருன்னு இப்பவும் அடிச்சுச் சொல்ல முடியாது. பதினெட்டுலயும் பிழைச்சவங்க இருக்காங்க. ஆனா நான் எழுதினது பொய். அதை மட்டும் நிச்சயமாச் சொல்லலாம்."

அதற்கு மூன்றாம் நாள் அந்தத் தம்பி வந்தார். கொடுத்தபோது பத்தொன்பது வயது, இப்போது இருபத்தாறு. சாவி செய்கிற கடை வைத்திருக்கிறார். விரல் நுனியெல்லாம் உலோகத் தூள் ஏறிக் கறுத்திருந்தது. ஏன் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பெரிய டாக்டர் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னார். கேஸ் போடுவதாக இருந்தால் இந்தக் காகிதங்கள் எல்லாவற்றையும் தருவோம் என்றார். சாவிக்காரர் கேட்டமாதிரி தெரியவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னோடது கெட்டுப்போனது இல்லையா?"

"இல்லப்பா."

"இல்ல, சரியாச் சொல்லுங்க. தரம் சரியில்லன்னு எழுதிக் குடுத்தாங்க. வீட்ல அந்தக் காகிதம் இருக்கு. அம்மா அதைப் பெட்டில பூட்டி வெச்சிருக்கு."

"நல்ல மஜ்ஜைப்பா. நூத்துக்கு ஒண்ணரை மூலச் செல். நான் பார்த்த நூத்தி நாப்பத்திமூணு பேர்ல உன்னோடது நல்லதுல ஒண்ணு. எடுத்ததுதான் குறைவு. போதும்னு சொன்னது நான். எடையை மாத்தி வகுத்துட்டேன்."

சாவிக்காரர் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு இடத்துல கல்யாணப் பேச்சு வந்துச்சு" என்றார். "என் ரத்தம் சரியில்லன்னு நானே சொல்லி அனுப்பிட்டேன். பிறக்கற பிள்ளைக்கும் வந்துரும்னு பயம். அண்ணனைக் கொன்னுட்டேன்னு..." முடிக்கவில்லை.

பெரிய டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாவிக்காரர் திட்டுவார், மேசையைத் தட்டுவார், குறைந்தது நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போவார் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவர் செய்யவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினார்.

"அம்மா, நான்தான். ஆஸ்பத்திரில இருக்கேன். இல்லம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. நீ உக்காரு. உக்காந்துட்டியா? ஒரு அக்கா பேசுவாங்க, கேளு." போனை அக்காவிடம் நீட்டினார். "நீங்க சொல்லுங்க. நான் சொன்னா, மனசைத் தேத்திக்கச் சொல்றேன்னு நினைச்சுக்கும். ஏழு வருஷமா அது என் முகத்தைப் பார்த்துச் சோறு போட்டதில்ல."

அக்கா போனை வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"யாரும்மா? என்ன ஆச்சு என் பிள்ளைக்கு?" என்று அந்தப் பக்கம் ஒரு வயதான குரல் பதறியது.

"அம்மா, உங்க சின்னப் பிள்ளை ரத்தத்துல ஒரு குறையும் இல்லம்மா. அன்னைக்கும் இல்ல" என்றாள் அக்கா. "அன்னைக்குத் தப்பாக் கணக்குப் போட்டவ பேசறேன்."